வெதுவெதுப்பான பீர்

நான் டிரம் அடிப்பவன்.
பதினோரு வருஷமாக என் இடப்பக்கம் ஒன்றரை அடி தள்ளி
நின்றுகொண்டிருப்பவனைப் பற்றிச் சொல்கிறேன்.
புகைப்படங்களில் தேடாதீர்கள்.
எல்லாப் படத்திலும் என் சிம்பல்
அவன் முகத்தின் மேல்தான் இருக்கும்.

செஃபிரின் இலுங்கா.
பேஸ் கிட்டார்.
நான்கு கம்பியில் மூன்றாவது
மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து எடுத்தது.

கின்ஷாசாவில், லெம்பா பக்கம் வந்தால்
மாமா ஒடெட்டின் பார் எதுவென்று குழந்தைகூடக் காட்டும்.
பாடகன் கிறிஸ்டாமைத் தெரியுமா என்றால் சிரிப்பார்கள்,
அவன் சட்டையின் விலை வரைக்கும் தெரியும்.
லீட் கிட்டார்க்காரனுக்குத் தெருவுக்கு நான்கு மச்சான்கள்.
பேஸ் வாசிப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள்.
"பேஸா? அப்படி ஒன்று இருக்கிறதா?"

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.
அவன் வாசிப்பது காதில் விழாது,
காலில் விழும்.
யார் காலிலும் விழாத மனிதன்
சனிக்கிழமை தவறாமல்
ஒரு தெருவின் கால்களிலெல்லாம் விழுந்துகொண்டிருந்தான்.
ஆடியவர்கள்
தங்கள் இடுப்பைத்தான் மெச்சிக்கொண்டார்கள்.

மார்ச் மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் கிழடு.
மூன்று பிளக்குக்கு மேல் தாங்காது என்றான் எலெக்ட்ரீசியன்.
ஒன்று மைக்குக்கு.
ஒன்று லீட் கிட்டாருக்கு.
ஒன்று பீர் இருக்கும் ஃபிரிட்ஜுக்கு, அதில் பேச்சே இல்லை.
"உன்னுடையதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள்.
சரி என்றான்.
சரி என்றுவிட்டு
செத்த கம்பிகளில் முழுப் பாட்டையும் வாசித்தான்.
அவன் கழுத்து அசைவதை வைத்து
நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டில் ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாவதில் ஒரு நர்ஸ் தன் ஜோடியின் காலை மிதித்தாள்,
செருப்பைத் திட்டினாள்.
ஒருவர் புழுக்கம் என்றார்.
ஒருவர் கல்யாணமே தப்பு என்றார்.
கிறிஸ்டாம் தொண்டையை உயர்த்தினான்,
நான் ஓங்கி அடித்தேன்.
கால் நடாத பந்தலை
அடித்தா நிமிர்த்துவது?
மூன்றாவது பாட்டின் முடிவில் தளத்தில் எட்டுப் பேர்,
அதில் ஒருவர் குடை தேடிக்கொண்டிருந்தார்.

மாமா ஒடெட்டுக்குச் சங்கீதம் தெரியாது.
காலி பாட்டில்களை எண்ணத் தெரியும்.
எண்ணிக்கொண்டிருந்தவள் பென்சிலை வைத்தாள்.
நேராக வந்து
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்,
அவன் ஆம்ப்ளிஃபையரைச் செருகினாள்,
கல்லாவுக்குத் திரும்பிப் போனாள்.

யாரும் மேடையைப் பார்க்கவில்லை.
உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்,
ஏன் எழுந்தோம் என்று கேட்டுக்கொள்ளவுமில்லை.
விடிய விடிய
வெதுவெதுப்பான பீரைக் குடித்துக்கொண்டு ஆடினார்கள்.
எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை.
வெதுவெதுப்பான பீருக்காக நாற்காலிகள் உடைந்திருக்கின்றன.

எங்கள் பாட்டுகளின் நடுவே
பாடகன் பெயர் கூப்பிடுவான்.
காசு கொடுத்தவர் பெயர்:
சிமெண்டு வியாபாரி, கர்னலின் மைத்துனன்,
பெல்ஜியத்திலிருந்து லீவில் வந்த பல் டாக்டர்.
அடுத்த சனிக்கிழமை இருபது டாலரும் ஒரு சீட்டும் கொடுத்தேன்.
கிறிஸ்டாம் சீட்டைப் படித்தான்.
"யார் இது? வசதியானவரா?"
"ரொம்ப" என்றேன்.

நான்காவது பாட்டில், கிட்டார்கள் வேகமெடுக்கும் இடத்தில்,
நதிக்கு அக்கரை வரை கேட்கிற குரலில்
அந்தப் பெயரை நீட்டினான்.
செஃபிரின் இலுங்கா!
செஃபிரின் இலுங்காஆ!

பதினோரு வருஷத்தில் அன்றுதான்
அவன் ஒரு அடி பிந்தினான்.
அந்தப் பள்ளத்தை
என் காலால் மிதித்து மூடினேன்.

இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றான்.
கிட்டாரின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
"எவ்வளவு கொடுத்தாய்?"
"இருபது."
"பதினைந்துக்கே கத்துவானே" என்றான்.